கண்ணோரப் பொட்டு

பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் மின்சாரப் பாடத்துக் கேள்வி ஒன்றைக்கூட நான் தொடவில்லை. ஒளிப் பாடமும் அப்படியே. மனித உடல் பாடம்தான் கையைப் பிடித்துக் கரையேற்றியது. அப்படிப்பட்டவள் இருபத்திரண்டு வருடமாகக் கரண்ட்டையும் வெளிச்சத்தையும் வைத்தே சோறு தின்கிறேன் என்று தெரிந்தால் எங்கள் அறிவியல் டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். தாராபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில், கோகிலா அழகு நிலையம். கோகிலவாணி நான்தான்.

பாடம் பிறகு படித்தேன். அழகுக்கலைப் பட்டயத்தில் மூன்று மாதம் அதையே சொல்லித்தான் உயிரை வாங்கினார்கள். அதனால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பூங்கோதையக்கா வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. மறுநாள் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, முகத்தில் சிரிப்பு வைக்கிற மண்டலப் பெட்டியை எடுத்துப்போவதாக இருந்தது. மாநிலம் முழுக்கத் தடை போட்டுவிட்டார்கள். நான் பெட்டியின் ஒயர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். பத்து மாதத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பின்கட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

"கோகிலா, பெட்டி இருக்குதா, கொண்டுபோயிட்டாங்களா?"

"நாளைக்குத்தானுங்க்கா வராங்க."

"அப்பச் சரி" என்று உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மகள் சம்யுக்தா உட்கார்ந்த அதே நாற்காலி.

சம்யுக்தா அவருக்கு ஒரே பெண். இருபத்திநான்கு வயது. போன ஆவணியில் கல்யாணம். மணப்பெண் அலங்காரம் முழுக்க நான்தான். கல்யாணமாகி முப்பத்தாறாம் நாள் அந்தப் பெண் செத்துப்போனாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். இல்லைன்னு சொல்லக்கூடாது" என்றார்.

"சொல்லுங்க்கா."

"அவ சிரிப்பு அந்தப் பெட்டிக்குள்ளதான இருக்குது? அத என்ற மூஞ்சில வெச்சுடு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த ஒயர் கீழே விழுந்தது.

"செல்போன்ல வீடியோ இல்லீங்களா?"

"எத்தன தடவ பாக்கறது? தொட்டா போனுதான் சுடுது. ஐஸ் பெட்டில கெடந்தாளே, அந்த மொகந்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது கோகிலா. அதுக்கு முந்துன மொகத்த ஒருக்கா உசுரோட பாக்கோணும். நான் கண்ணாடில பாத்துக்கறேன். எனக்கும் அவளுக்கும் மூஞ்சி ஒரே சாடதான?"

ஒரே சாடைதான். அந்த நீள மூக்கு, தாடையில் சின்னக் குழி. நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "இது எப்படித்தான் பண்ணுது? அன்னைக்கு நான் வெளிய சோபால உக்காந்துட்டேன். நீ அவளுக்கு என்ன பண்ணுனேன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

நாளைக்குப் போகப்போகிற பெட்டி. மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன்.

"கரண்ட்டுன்னா பயந்துக்காதீங்க. மேல்மாடித் தண்ணி டேங்க் மாதிரிதான். டேங்க் எவ்வளவு ஒசரத்துல இருக்குதோ அது வோல்ட். கொழாயில எவ்வளவு தண்ணி ஓடுதோ அது ஆம்பியர். இதுல ஓடறது ஒரு ஆம்பியரப் பத்து லட்சமாப் பிரிச்சா அதுல கொஞ்சம். எறும்பு ஊர்ற அளவுக்குக்கூட இருக்காது. நம்ம மூஞ்சியே அப்படித்தானுங்க்கா, கரண்ட்லதான் சிரிக்குது. மூளையிலிருந்து நரம்பு வழியா வந்தாத்தான் சதை இழுக்கும்."

"சிரிக்கறதுக்குக் கூடவா?"

"அழுகறதுக்கும்தான். நீங்க சிரிக்கறப்ப எந்தச் சதைக்கு எவ்வளவு கரண்ட் வருதுன்னு பெட்டி எழுதி வெச்சுக்கும். பொறவு அதே அளவத் திருப்பி அனுப்புனா, நீங்க நெனைக்காமயே மூஞ்சி சிரிக்கும். ஆனா அனுப்பறத நிறுத்துனா அதுவும் நின்னுரும்."

"அப்ப அது எப்படி ஒரு மண்டலம் நின்னுது?"

"அங்கதான் வெளிச்சம் வருது. முன்னயெல்லாம் பருவுக்கு நீல விளக்கு, சுருக்கத்துக்குச் சிவப்பு விளக்குன்னு வெப்போமில்லீங்களா? தோலுக்குள்ள சிவப்பு ஆழமா எறங்கும், நீலம் மேலாப்புலயே நின்னுக்கும். பொறவு ஒரு களிம்பு வந்துது. அதப் பூசி, கரண்ட்ட விட்டு, சிவப்ப வெச்சா சதை அந்த இழுப்ப நாப்பத்தெட்டு நாளைக்கு மறக்காது. கரண்ட்டு பாடம் சொல்லிக்குடுக்கும், வெளிச்சம் மனப்பாடம் பண்ண வெக்கும். களிம்புமேல நீலம் பட்டா எல்லாம் அழிஞ்சுரும்."

"அழிக்கறதுக்கு எத்தன நேரமாகும்?"

"பத்து நிமிசம்" என்றேன்.

நாற்பத்தெட்டு நாள் என்பதால் கம்பெனிக்காரன் வைத்த பெயரை விட்டுவிட்டு ஊரே அதை மண்டலச் சிரிப்பு என்றது. நமக்குத்தான் எதற்கும் ஒரு மண்டலக் கணக்கு உண்டே. தாலி கட்டுவது, மறுவீடு, சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று ஒன்றரை மாதம் மணப்பெண் முகம் வாடாது, எந்தப் போட்டோவிலும் உம்மென்று இருக்காது. தாராபுரத்தில் மட்டும் ஒரு வருடத்தில் நூற்றுக்கு மேல் பெண்களுக்கு வைத்தேன். நல்ல கைராசிக்காரி என்று பெயர் வேறு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சம்யுக்தா வந்தாள். முகத்தில் சிரிப்பைப் பதிய நான்கு ஒட்டுவில்லைகள் உண்டு. பொட்டு அளவுதான் இருக்கும் என்பதால் நாங்கள் அவற்றைப் பொட்டு என்றே சொல்வோம். இரண்டு வாய்ப் பொட்டு, இரண்டு கண்ணோரப் பொட்டு. ஒட்டிவிட்டு, எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்.

"நல்ல நாள் ஒண்ண நெனச்சுக்க கண்ணு."

சற்று யோசித்துவிட்டு, "நாளைக்குக் கல்யாணமில்லீங்களா, அந்த நாளையே நெனச்சுக்கட்டுங்களாக்கா? எல்லாரும் அதத்தான நல்ல நாளுங்கறாங்க" என்றாள்.

சிரித்தாள். பெட்டியின் திரையில் வாய்ப் பொட்டு இரண்டிலும் கோடு எழும்பியது. கண்ணோரப் பொட்டில் ஒன்றுமில்லை. சுழியம். தோலில் எண்ணெய் இருந்தால் பொட்டு சரியாக ஒட்டாது, இது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. எடுத்தேன், பஞ்சால் துடைத்தேன், புதுப் பசை தடவி ஒட்டினேன். மறுபடி சிரிக்கச் சொன்னேன். சுழியம். மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே, "பொட்டு சரியாத்தானுங்க்கா இருக்குது" என்றாள்.

அந்த வார்த்தை காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அடுத்து இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். பெட்டியில் 'திருத்தம்' என்று ஒரு வசதி உண்டு. எங்காவது குறைந்தால் பொதுவான அளவைப் போட்டு நிரப்பிவிடும். அழுத்தினேன். மலர்ந்து, கண்ணோரம் சுருங்கி, அப்படியொரு சிரிப்பு வந்தது. நானே கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தேன். நாசமாய்ப் போன கை.

"என்ன யோசன?" என்றார் பூங்கோதையக்கா. "தடையெல்லாம் எனக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"அதுக்கில்லீங்க்கா."

"பின்ன? உம்மேல எனக்குக் கோவமில்ல கோகிலா. கூட்டிட்டு வந்ததே நாந்தான. 'ஒரு வருசம் போகட்டும்மா'ன்னுதான் கேட்டா. ஒரே ஒரு வருசம். வேற ஒண்ணும் கேக்கல. நல்ல எடம் தள்ளிப்போயிருமேன்னு நாந்தான் அவசரப்பட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "முந்துன நாள்வரைக்கும் எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துது. மணவறைக்குப் போறப்ப இவ மொகம் சுண்டியிருந்தா எல்லாத்தையும் நிறுத்திப்போடலாம், ஊரு என்ன வேணாப் பேசட்டும்னு நெனச்சுட்டிருந்தேன். நெசமாத்தான் சொல்றேன்."

"அக்கா..."

"அவ சிரிச்சா பாரு. கண்ணு வரைக்கும் சிரிச்சா. வாய்க்குத்தான மருந்து வெச்சாங்க, கண்ணு தானாத்தான சிரிக்குது, அவளுக்குப் புடிச்சுப்போச்சுன்னு எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்துபோச்சு. இப்ப அத ஒருக்கா என்ற மூஞ்சில பாத்துட்டன்னா போதும். அன்னைக்கு அவ சந்தோசமா இருந்தான்னு தெரிஞ்சுட்டாப் போதும். மிச்ச நாளக் கழிச்சுருவேன்."

பெட்டியில் இரண்டு பதிவு இருந்தது. மூலம் ஒன்று, திருத்தியது ஒன்று. திருத்தியதை வைத்துவிட்டால் போதும். அந்த அம்மா கண்ணாடியைப் பார்ப்பார், அழுவார், நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நாளைக்குப் பெட்டியும் போய்விடும். யாருக்கு என்ன நட்டம்? விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்கூடப் போனது.

என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்தக் கண்ணுச் சிரிப்பு அவளது இல்லீங்க" என்றேன்.

"என்ன சொல்ற?"

சொன்னேன். பொட்டு, சுழியம், மூன்று தடவை துடைத்தது, திருத்தம் எல்லாவற்றையும். நிறுத்தினால் வாய் மறுபடி திறக்காது என்று பயந்து, போன் வந்ததையும் சேர்த்தே சொன்னேன். முப்பத்தொன்றாம் நாள் சம்யுக்தா கூப்பிட்டிருந்தாள். 'அக்கா, சிரிச்சுச் சிரிச்சு மூஞ்சியெல்லாம் வலிக்குது. அழுகை வருது, மூஞ்சிக்கு வரமாட்டேங்குது. கொஞ்சம் நீலம் வெச்சுவிடறீங்களா?' என்று கேட்டாள். மண்டலத்துக்கு நடுவில் அழித்தால் கம்பெனிக்குப் பதில் எழுத வேண்டும், அது ஒரு தலைவலி. 'இன்னும் பதினேழு நாள்தான கண்ணு, பொறுத்துக்க' என்றேன். பொறுத்துக்கொண்டாள். முப்பத்துமூன்றாம் நாள் வயிற்றுவலி. மாப்பிள்ளைதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. உயிர் போகிற வலி என்று அவள் சொல்ல, டாக்டர் அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்து வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாளும் அதேதான். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். வாய் மட்டும் இழுத்துக்கொண்டு கண் செத்துக் கிடந்திருந்தால் அந்த டாக்டருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். அந்தக் கண்ணை நிரப்பியது நான்.

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐஸ் பெட்டில வெச்சப்பதான் அந்தச் சிரிப்பு விட்டுச்சு" என்றார் கடைசியில். குரலே வேறாக இருந்தது. "அப்பதான் அவளுக்கு எப்படி வலிச்சிருக்கும்னே நான் பாத்தேன். அதுவரைக்கும் வீடியோ போன்ல தெனமும் பேசுனேன். 'அம்மா முடியல'ன்னா. மூஞ்சியப் பாத்துட்டு, சும்மா கொஞ்சறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நான் பெத்தவ. எனக்கே தெரியல. அந்த டாக்டரச் சொல்லி என்ன பண்றது?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"திருத்தாதது இருக்குதா?"

"இருக்குதுங்க. ஆனா வேண்டாங்க்கா. அதப் பாத்தா உங்களுக்கு..."

"அதுதான என்ற புள்ள? மத்தது பெட்டியோடது. அவளோடத வை."

அந்தக் குரலுக்கு மேல் நான் என்ன பேச? சுற்றிய ஒயர்களைப் பிரித்தேன். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, கரண்ட் அங்கே ஓடிச் சுட்டுவிடும். வளையலையும் தோட்டையும் கழற்றித் தட்டில் வைத்தார். தாலிக்கொடியை மட்டும் எந்தப் பெண்ணும் கழற்றமாட்டாள். உலர்ந்த துணியில் சுருட்டி முதுகுப் பக்கம் போட்டுவிடுவோம். அப்படியே செய்தேன். ஈரப் பஞ்சு சுற்றிய பித்தளைக் குழலைக் கையில் கொடுத்தேன். ஒரு முனை முகத்தில் இருந்தால் இன்னொரு முனை கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் சுற்று முழுசாகும், கரண்ட் ஓடும்.

"அவளும் இதத்தான் புடிச்சிருந்தாளா?"

"ஆமாங்க."

குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

புது முகத்தை எழுதுவதற்கு முன்னால் இருக்கிற முகத்தைப் பெட்டி பதிந்துகொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டு எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று கணக்குப் போடும். அதனால் நான்கு பொட்டையும் ஒட்டினேன். தொழில் புத்தி, வாய் தானாகச் சொல்லிற்று.

"நல்ல நாள் ஒண்ண நெனச்சுக்கங்க்கா. அப்படியே சிரிங்க."

மகளைப் பறிகொடுத்தவரிடம் சொல்கிற பேச்சா இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிச் சற்று நினைத்துப் பார்த்தார். பிறகு திறந்து, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல, லட்சணமான சிரிப்பு. பத்து வருடமாக எனக்குப் பழக்கமான சிரிப்பு. கோயிலில், கடைவீதியில், விசேஷத்தில், எங்கே பார்த்தாலும் அவர் இப்படித்தான் சிரிப்பார்.

வாய்ப் பொட்டு இரண்டிலும் கோடு எழும்பியது. கண்ணோரப் பொட்டில் ஒன்றுமில்லை.

என் கை தானாகப் பஞ்சை எடுத்தது. கண்ணோரத்தைத் துடைத்து, பசை தடவி, திரும்ப ஒட்டப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது.

"ஏன், சரியா ஒட்டலயா?"

"ஒட்டியிருக்குதுங்க" என்றேன்.

பதிந்துகொண்டேன். சம்யுக்தாவின் மூலப் பதிவை எடுத்து ஒப்பிடக் கொடுத்தேன். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. நான்கு கோடுகளும் நான்கு கோடுகள் மேல் போய் உட்கார்ந்தன. எது அம்மாவுடையது, எது மகளுடையது என்று எனக்கே தெரியவில்லை. கீழே எழுத்து வந்தது. 'இரண்டும் ஒரே பதிவு. எழுதத் தேவையில்லை.'

நூற்றுக்கு மேல் பெண்களுக்கு வைத்தவள் நான். இந்த வரியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"என்ன சொல்லுது?" என்றார். திரை என் பக்கம் திரும்பியிருந்ததால் அவரால் படிக்க முடியவில்லை.

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. பெட்டி பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "அவ சிரிப்பு உங்க மூஞ்சில ஏற்கெனவே இருக்குதாமுங்க்கா" என்றேன். "புதுசா வெக்கறதுக்கு ஒண்ணுமில்லையாம்."

அவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். இன்னொரு தடவை சிரித்தார், மெதுவாக, பார்த்துப் பார்த்து. வாய் போனது. கண் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வந்ததிலிருந்து ஒரு சொட்டு விடாத கண்ணிலிருந்து அப்போது தண்ணீர் இறங்கியது. வாய் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"எந்த நாள நெனச்சேன் தெரியுமா கோகிலா?"

"தெரியலீங்க்கா."

"என்ற கல்யாண நாளத்தான். எல்லாரும் அதத்தான நல்ல நாளுங்கறாங்க."

அன்றைக்கு அந்தப் பெண் இதே வார்த்தையைச் சொன்னாள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

குழலைத் தட்டில் வைத்தார். வளையல், தோடு போட்டுக்கொண்டு, தாலிக்கொடியை இழுத்து முன்பக்கம் விட்டார். வாய்ப் பொட்டு இரண்டையும் உரித்து என்னிடம் கொடுத்தார். கண்ணோரப் பொட்டு இரண்டையும் உரித்து, முகம் கழுவப் போகும்போது நாமெல்லாம் செய்வோமே, அதுபோலப் பழக்கத்தில் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். "வாரேன்" என்று படியிறங்கினார். பாத்திரக்கடைக்காரர் கீழே ஏதோ விசாரிப்பதும், "நல்லா இருக்கேனுங்க" என்று இவர் சொல்வதும் கேட்டது. எப்படிச் சிரித்திருப்பார் என்று எனக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது.

மறுநாள் ஆட்கள் வந்து பெட்டி, விளக்கு, களிம்பு, பித்தளைக் குழல், மிச்சமிருந்த பொட்டு அட்டைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எடுத்துப்போனார்கள். கண்ணாடியில் இருந்த இரண்டையும் அவர்கள் கவனிக்கவில்லை. நானும் காட்டவில்லை.

இப்போது பழையபடி நூல் வைத்துப் புருவம் திருத்துகிறேன், மருதாணி போடுகிறேன். மணப்பெண்களும் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இரண்டு பொட்டும் சரியாக அவர்கள் கண்ணோரத்தில் வந்து நிற்கும். "என்னங்க்கா இது, தொடைக்க மாட்டீங்களா?" என்று கேட்பார்கள். அவர்களோடு வந்த அம்மாக்களை வெளியே சோபாவில் உட்கார விடுவதில்லை. பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், பெண்ணின் முகம் தெரிகிற மாதிரி.